நாலு விரல் துணி

என்னிடம் துணி கொடுக்க வருகிறவர்கள் யாரும் பிள்ளைக்கு அளவு சரியாக இருக்க வேண்டும் என்று கேட்பதில்லை. "வளர்ற பிள்ளைங்க, பார்த்து விடுங்க" என்பார்கள். நானும் பார்த்துத்தான் விடுவேன். காலில் நாலு விரல், கையில் இரண்டு விரல், இடுப்பில் ஒரு விரல். அந்தத் துணியை உள்ளே மடித்து வெளியே தெரியாமல் பொடித் தையல் போட்டுவிட்டால், பிள்ளை வளர வளர அவிழ்த்து விட்டுக்கொள்ளலாம். பதினாறு வருஷமாக வீட்டு முன்அறையில் மெஷின் போட்டுத் தைக்கிறேன். நீ போட்ட மடிப்பு அவிழ்ந்துவிட்டது என்று ஒரு ஆள் வந்து நின்றதில்லை. வந்து நிற்கட்டும், பார்த்துக்கொள்கிறேன்! நின்றதெல்லாம் என் மகள் ஒருத்திதான்.

அவளுக்குப் பத்து வயது. பள்ளிக்கூடத்தில் ஒரு பெயர் இருக்கிறது. வீட்டிலும் தெருவிலும் வண்டு. ஒரு இடத்தில் உட்கார மாட்டாள், வாயும் ஓயாது, வேறென்ன பெயர் வைப்பது? அவளுக்கு ஒரு கருநீலப் பேண்ட் தைத்தேன். கெட்டித் துணி, அவள் கேட்டபடி கால் அகலம். சொந்தப் பிள்ளையாயிற்றே என்று நாலு விரலுக்கு ஐந்து விரலாக விட்டேன். மடித்து, வெள்ளை நூலில் ஓட்டுத் தையல் போட்டு வைத்தேன். அது சும்மா துணி நகராமல் இருப்பதற்காக நீள நீளமாக ஓட்டி வைப்பது. நிற்காது. நிற்க வேண்டும் என்று போடுவதும் இல்லை. அதற்குமேல் பொடித் தையல் போட்டுவிட்டு வெள்ளை நூலை உருவி எறிந்துவிட வேண்டும். அந்தப் பொடித் தையலுக்குத்தான் மூன்று வாரமாக எனக்கு நேரம் வரவில்லை.

அவளோ வெள்ளை நூலோடேயே அதை மாட்டிக்கொண்டு திரிந்தாள்.

"அம்மா, கால் அவுந்துடுச்சு."

"நாளைக்குப் போட்டுத் தரேன்டி."

"நேத்தும் நாளைக்குன்னுதான் சொன்ன."

"அப்போ பார்த்துக்க, நான் சொன்ன சொல் மாற மாட்டேன்."

அவள் சிரித்தாள். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போதும் என் வாயிலேயே ஒன்று போட்டுக்கொள்ளலாம் போல இருக்கிறது.

அந்தச் சனிக்கிழமை, வங்கியில் வேலை பார்க்கிற ஒரு மேடத்தின் கோட்டை, தையல் பொம்மையில் மாட்டி, வாயில் ஏழெட்டுக் குண்டூசியைக் கவ்விக்கொண்டு நின்றிருந்தேன். வண்டு வந்தாள். வலது காலைத் தூக்கிக் காட்டினாள். மடிப்பு பாதி இறங்கித் தொங்கியது. வாயில் ஊசி இருந்தால் எப்படிப் பேசுவது? "ம்ம்ம்" என்று சொல்லி, பொறு என்று கையைக் காட்டினேன். பொறுத்தாள். ஒற்றைக் காலில் நின்றுகொண்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு, நிஜமாகவே கொஞ்ச நேரம் பொறுத்தாள். நான் கோட்டின் தோள்பட்டையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. பிறகு வாசலில் சைக்கிள் மணிச் சத்தம் கேட்டது.

அரைமணி நேரத்தில் மருந்துக்கடை அக்காவிடமிருந்து போன் வந்தது. "பதறாதே, பிள்ளைக்கு நினைவு இருக்கு. சரிவுல சைக்கிளோட விழுந்துட்டா. நாங்க ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறோம், நீ நேரா அங்க வந்துடு." பதறாதே என்று சொன்னால் பதறாமல் இருக்கிற தாய் யார்? ஆட்டோவில் ஏறிப் பாதி வழி போன பிறகுதான் வாயில் இன்னும் இரண்டு ஊசி இருப்பது தெரிந்தது.

அவசரப் பிரிவில் ஒரு திரைக்குப் பின்னால் படுக்க வைத்திருந்தார்கள். முகம் முழுக்கச் சிராய்ப்பு, உதடு வீங்கி இருந்தது. வலது முழங்கைக்கு மேல் கை இருக்க வேண்டிய விதத்தில் இல்லை. நர்ஸ் கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு வந்தார். அதுவரை பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தவள் அப்போதுதான் கத்தினாள்.

"வெட்டாதீங்க! பேண்ட்டை வெட்டாதீங்க! அது எங்கம்மா தைச்சது!"

"முட்டியில அடி பட்டிருக்குடா செல்லம், பார்க்க வேண்டாமா? அம்மா வேற தைச்சுத் தருவாங்க" என்றார் நர்ஸ். என்னைத் திரும்பிப் பார்த்து, "நீங்கதான் அம்மாவா? கழுத்துல டேப் தொங்குதே, அதான் கேட்டேன்" என்றார். கையை வைத்துப் பார்த்தேன். அளவு டேப் தொங்கிக்கொண்டிருந்தது.

வெட்டிய பேண்ட்டை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டுக் கொடுத்தார்கள். வெளியே பெஞ்சில் உட்கார்ந்து பிரித்துப் பார்த்தேன். எதற்குப் பார்த்தேன்? பாழாய்ப்போன பழக்கம், கையில் துணி வந்தால் கையைவிட்டுப் பார்ப்பது. வலது காலின் கீழே ஒரு கை அகலத்துக்குத் துணியே இல்லை. சுற்றிலும் சைக்கிள் செயினின் கறுப்பு மசி, பல் பல்லாகக் கடித்த ஓட்டை. அதன் ஓரத்தில் வெள்ளை நூல் அரைச்சாண் நீளத்துக்குத் தொங்கியது. தொங்கிய மடிப்பு செயினில் மாட்டியிருக்கிறது. செயின் இழுத்திருக்கிறது. பிள்ளை கையை ஊன்றி விழுந்திருக்கிறாள். இதைத் தெரிந்துகொள்ள எனக்குப் போலீஸ் வேண்டாம், டாக்டர் வேண்டாம். பையைச் சுருட்டி என் கைப்பைக்குள் அடியில் திணித்தேன்.

அன்று மாலையே மயக்கம் கொடுத்து எலும்பை நேராக்கி, இரண்டு கம்பி செருகிக் கட்டுப் போட்டார்கள். மறுநாள் காலையில் எலும்பு டாக்டரம்மா வந்தார். சின்னப் பெண், என் தங்கை வயதுதான் இருக்கும். கட்டுக்கு வெளியே தெரிந்த விரல்களைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "கட்டைவிரல், ஆள்காட்டி விரல், ரெண்டையும் நுனி சேர்த்து ஒரு வட்டம் போடு பார்ப்போம்" என்றார்.

வண்டு போட்டாள். வட்டம் வரவில்லை. இரண்டு விரலும் நுனி மடங்காமல் தட்டையாக ஒட்டிக்கொண்டன. வட்டம் இருக்க வேண்டிய இடத்தில் முக்கோணம் இருந்தது.

"இடது கையில போடு." அது வட்டமாக வந்தது.

டாக்டரம்மா என்னை வராந்தாவுக்குக் கூட்டிப் போனார். "எலும்பு நல்லாச் சேர்ந்துடும், அதுல பயமில்ல. அந்த இடத்துல ஓடுற ஒரு நரம்பு நசுங்கியிருக்கு. முக்கால்வாசிப் பேருக்குத் தானாவே திரும்ப வந்துடும்."

"எப்போ?"

"சில பேருக்கு ஆறு வாரம். சில பேருக்கு மூணு மாசம்."

"மிச்சம் கால்வாசிப் பேருக்கு?"

"அதை வந்தா பார்த்துக்கலாம்மா" என்று என் தோளைத் தட்டிவிட்டுப் போனார்.

அந்தக் கால்வாசிதான் என் மண்டைக்குள்ளேயே சுற்றியது. ஏன் என்று சொல்கிறேன். இரண்டு வருஷமாக எனக்குக் கிட்டத்துப் பார்வை சரியில்லை. ஊசிக் காது தெரியாது. கண்ணாடி போடச் சொன்னார்கள். எனக்கு என்ன வயசா ஆகிவிட்டது என்று போடவில்லை. போடாமல் எப்படித் தைத்தேன் என்றால், வண்டு. தினமும் பள்ளிக்குக் கிளம்புகிற முன் பன்னிரண்டு கை ஊசியில் நூல் கோத்து, ஊசி மெத்தையில் வரிசையாகக் குத்தி வைத்துவிட்டுப் போவாள். நூல் நுனியை நாக்கில் தொட்டு, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் ஒரு உருட்டு உருட்டி, ஒரே குத்தில் உள்ளே விடுவாள். அந்த இரண்டு விரலைத்தான் நான் நாளைக்கு நாளைக்கு என்று சொல்லிக் கெடுத்துவிட்டேன்.

என் வீட்டுக்காரர் பேருந்து ஓட்டுகிறவர். உலகத்தில் எந்த விபத்து நடந்தாலும் அவருக்குக் காரணம் ஒன்றுதான். மாடிப்படியில் வழுக்கி விழுந்தவரைப் பார்த்தாலே "பிரேக் பிடிக்கல" என்பார். அன்று சீருடையோடேயே ஆஸ்பத்திரிக்கு ஓடி வந்தவர், மகள் கண் திறந்து "அப்பா" என்றதும் முகத்தைத் திருப்பிக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதார். கண்ணைத் துடைத்ததும் அடுத்த வார்த்தை:

"பிரேக். போன வாரம்தானே அந்த ஆளு பிரேக் கட்டை மாத்துனான்? ஒழுங்கா மாட்டியிருக்க மாட்டான்."

அந்த ஆள் எங்கள் தெருமுனையில் சைக்கிள் பழுது பார்க்கிற பஞ்சர் அண்ணன். கடை என்றால் ஒரு தகரக் கூரை, ஒரு பம்பு, ஒரு தண்ணீர்த் தொட்டி. இவர் நேரே அங்கே போய், நாலு பேர் முன்னால் கத்தியிருக்கிறார். சைக்கிளை அவர் கடை முன்னால் தூக்கிப் போட்டுவிட்டு, "நீயே வெச்சுக்க" என்று வந்திருக்கிறார். அதோடு விட்டாரா? போகிற வருகிறவரிடமெல்லாம் சொன்னார். தெருவில் மூன்று வீட்டில் பிள்ளைகளின் சைக்கிளை வேறு கடைக்கு எடுத்துப் போனார்கள்.

நான் வாயைத் திறக்கவில்லை. "என்னங்க, பிரேக்கு இல்லீங்க" என்று சொல்ல எத்தனை தடவை வாய் வரைக்கும் வந்தது! சோறு போடும்போது வந்தது, துணி காயப்போடும்போது வந்தது. பிறகு ஏன் இல்லை என்று கேட்பாரே. கேட்டால் அந்தப் பேண்ட்டைக் காட்ட வேண்டும். நான் யாரிடமும் ஒரு சொல் வாங்கியதில்லை. வாங்கிப் பழக்கமும் இல்லை. பேண்ட்டை மெஷினுக்கு அடியில் இருக்கிற வெட்டுத்துணி மூட்டைக்குள் புதைத்து வைத்தேன்.

வண்டு வீட்டுக்கு வந்த அன்றே கேட்டாள். "அம்மா, என் பேண்ட் எங்க?"

"ஆஸ்பத்திரியில தூக்கிப் போட்டுட்டாங்க."

"நிஜமாவா?"

"நான் எதுக்குடி பொய் சொல்றேன்?"

இரண்டு நாள் கழித்து மறுபடியும் கேட்டாள். அந்த வாரம் முழுக்கக் கேட்டாள். அலமாரியை இடது கையால் குடைந்தாள். என் கையால் தைத்தது என்று அவ்வளவு ஆசை போல என்று நினைத்து, ஒவ்வொரு தடவையும் கொல்லைப்பக்கம் போய் அழுதுவிட்டு வந்தேன்.

காலையில் எழுந்ததும் எங்களுக்கு ஒரே வேலை. "இன்னைக்கு வட்டமா, முக்கோணமா?" என்று கேட்பேன். அவள் போர்வைக்குள்ளேயே போட்டுப் பார்த்துவிட்டு, "முக்கோணம். ஆனா நேத்தை விட நல்ல முக்கோணம்" என்பாள். "சரி, கணக்குப் பாடத்துக்கு ஆச்சு" என்பேன். அவளைச் சிரிக்க வைத்துவிட்டு மெஷினில் போய் உட்கார்ந்தால் ஊசிக்கும் எனக்கும் சண்டை. நூலை நீட்டினால் காது நகரும், காதைப் பிடித்தால் நூல் நகரும். "சனியனே, நில்லு!" என்று ஊசியைத் திட்டுவேன். ஒரு நாள் இடது கையால் அவளே கோத்துத் தருகிறேன் என்று வந்து உட்கார்ந்தாள். வலது கையால் ஊசியைப் பிடிக்க முடியவில்லை. நழுவி நழுவி மடியில் விழுந்தது. பத்தாவது தடவை விழுந்ததும் ஊசியைத் தேடாமல் அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

"அம்மா, இது இப்படியேதான் இருக்குமா?"

"யாருடி சொன்னா? வாயைக் கழுவு" என்று அதட்டினேன். அதட்டத்தான் தெரிந்தது.

மூன்றாவது வாரம், ஒரு நாள் மத்தியானம், பஞ்சர் அண்ணன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வாசலுக்கு வந்தார். என் வீட்டுக்காரர் டூட்டியில் இருக்கிற நேரம் பார்த்து வந்திருக்கிறார் என்று புரிந்தது. வளைந்த கைப்பிடியை நிமிர்த்தி, சக்கரத்தைச் சரி செய்து, பளபளவென்று துடைத்து வைத்திருந்தார்.

"பாப்பா எப்படி இருக்கு தங்கச்சி?"

"இருக்காண்ணே. உள்ள தூங்குறா."

சட்டைப் பையிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்து நீட்டினார். "செயினைக் கழட்டித் துடைக்கும்போது இது வந்துச்சு. உன்கிட்டயே குடுத்துடலாம்னு."

பிரித்தேன். கருநீலத் துணி, மசியில் ஊறி, மென்று துப்பியதுபோல ஒரு கத்தை. அதற்குள் வெள்ளை நூல். சட்டென்று பொட்டலத்தை மூடினேன்.

"அண்ணே... அவர்கிட்ட இதைக் காட்டியிருக்கலாமே. அன்னைக்கே காட்டியிருந்தா அவர் அப்படிப் பேசியிருப்பாரா?"

"காட்டியிருந்தா என்னைத் திட்டுன திட்டு உனக்கு வந்திருக்கும். நான் கடைக்காரன், கேட்டுட்டு பம்பு அடிக்கப் போயிடுவேன். நீ பிள்ளையைப் பார்ப்பியா, திட்டு வாங்குவியா?" என்றார். "பிரேக்கை மட்டும் இன்னொருக்கா பார்த்துட்டேன். நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டு, தண்ணீர்கூட வாங்கிக் குடிக்காமல் போனார்.

அந்த மனுஷன் முதுகைப் பார்த்துக்கொண்டு நின்றேன். என் மானம் என்ன அவ்வளவு ஒசத்தியா என்று இருந்தது. உள்ளே போய் மூட்டையை உதறிப் பேண்ட்டை எடுத்து, பொட்டலத்தையும் அதன்மேல் வைத்து, மேஜையில் நடுவில் விரித்து வைத்தேன். வீட்டுக்காரர் வந்து ஷூவைக் கழற்றும்போதே சொல்லிவிட்டேன். கழற்றி முடிக்கட்டும் என்று பார்த்தால் மறுபடியும் எனக்கு நாளைக்கு ஆகிவிடும்.

"பிரேக்கு இல்லீங்க. நான்தான். மடிப்பைத் தைக்காம விட்டேன். அவ நாலு தடவை கேட்டா, நான் தைக்கல. அன்னைக்கும் வந்து நின்னா."

அவர் பேண்ட்டைப் பார்த்தார். ஒரு காலில் ஷூ, ஒரு காலில் இல்லை. கத்தப்போகிறார் என்று காத்திருந்தேன். கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"நானும் பார்த்தேன்" என்றார். "தரையில இழுத்துக்கிட்டு நடந்தா. அப்பா, இதைப் பாருன்னா. அம்மாகிட்ட சொல்லுன்னு சொல்லிட்டுச் சாப்பிட உக்கார்ந்தேன். ஒரு ஊக்கு எடுத்துக் குத்தி விட எனக்குக் கையில்லையா?" கழற்றிய ஷூவைத் திரும்ப மாட்டினார். "மூணு வாரமா அந்த மனுஷனை நாறடிச்சிருக்கேன். இப்பவே போறேன்."

போனவர் இருட்டுகிற நேரத்தில் இரண்டு கையிலும் மசியோடு திரும்பி வந்தார். மன்னிப்புக் கேட்டீர்களா என்றால் நேராகச் சொல்லவில்லை. "நாளைக்குக் காலையில அந்த மூணு வீட்டுக்கும் நான் போய்ச் சொல்றேன்" என்றார். பிறகு, "செயினுக்கு மூடி போட்டாச்சு. ரெண்டு பேரும் சேர்ந்து போட்டோம்" என்று சோப்பைத் தேடினார்.

இப்படி நாங்கள் பேசிக்கொண்டிருந்தபோது வண்டு கதவோரம் வந்து நின்றதை நான் கவனிக்கவில்லை. மேஜையைப் பார்த்தவள் முகம் சுண்டிப்போயிற்று.

"பொய் சொன்ன. தூக்கிப் போடலை."

"ஆமாடி. பொய்தான் சொன்னேன். உன் கை உடைஞ்சது என்னாலதான். அது தெரியக் கூடாதுன்னு ஒளிச்சு வெச்சேன்."

"எனக்குத் தெரியுமே" என்றாள் வண்டு. "விழும்போதே பார்த்தேன். கால் சுத்திக்கிச்சு. நீ பார்த்தா அழுவியேன்னுதான் கேட்டுக்கிட்டே இருந்தேன். கிடைச்சா நான் ஒளிச்சு வெச்சிருப்பேன்."

கட்டுப்போட்ட கையில் இடித்துவிடாமல் அவளை எப்படி அணைப்பது என்று எனக்குத் தெரியவில்லை. குனிந்து அவள் வயிற்றில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதேன். "பார்த்தியா, சொன்னேன்ல" என்று இடது கையால் என் தலையைத் தட்டிக்கொடுத்தாள்.

நாலாவது வாரம் கம்பியையும் கட்டையும் எடுத்தார்கள். ஆறாவது வாரமும் முக்கோணம்தான். டாக்டரம்மா "பொறுமை" என்றார். நான் பல்லைக் கடித்துக்கொண்டு "சரி" என்றேன்.

எட்டாவது வாரம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கூடத்து வெளிச்சத்தில் உட்கார்ந்து அவளுக்குப் புதுப் பேண்ட் வெட்டினேன். அதே கருநீலம். வேறு யாருடைய துணியையும் அன்று தொடவில்லை. கால் ஒடுக்கம், நீளம் கணுக்கால் வரை. அளந்த இடத்தில் சாக்குக்கட்டியால் கோடு போட்டு, கோட்டுக்குக் கீழே தையலுக்கு ஒரு விரல் மட்டும் விட்டுக் கத்தரியை வைத்தேன்.

"என்னம்மா, அங்கயே வெட்டப் போற?" வண்டு குனிந்து பார்த்தாள். "நாலு விரல் விடலையா?"

"வேண்டாம்டி. இனிமே உனக்கு அளவாத்தான் தைப்பேன்."

"அப்போ நான் வளர மாட்டேனா?"

அவள் சாதாரணமாகத்தான் கேட்டாள். நான் கத்தரியைக் கீழே வைத்தேன். கோட்டை அழித்தேன். நாலு விரல் தள்ளிக் கோடு போட்டு வெட்டினேன். இரண்டு காலையும் மூட்டி, மிச்சத் துணியை உள்ளே மடித்தேன். ஓட்டுத் தையல் போடவில்லை. நேராகப் பொடித் தையல், கெட்டி நூல், இப்போதே. ஊசியை எடுத்து நூலை நீட்டினால், கண்ணில் தண்ணீர் வேறு, காது எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை. ஒரு தடவை, இரண்டு தடவை.

"குடும்மா, நீ ஒரு ஆளு" என்று நூலைப் பிடுங்கினாள். பேச்சு வாக்கில் வலது கையால் பிடுங்கியிருக்கிறாள். நுனியை நாக்கில் தொட்டாள். விரல் நடுவில் வைத்து உருட்டினாள். நான் அந்தக் கட்டைவிரலையே பார்த்தேன். நுனிக்கணு நடுங்கியது. பிறகு கொஞ்சமாக, மிகக் கொஞ்சமாக, மடங்கியது. ஆள்காட்டி விரலும் மடங்கியது. நூல் முதல் தடவை பிசகி, இரண்டாம் தடவை உள்ளே போயிற்று.

அவளும் அப்போதுதான் தன் கையைப் பார்த்தாள். அவள் விரலைப் பிரித்துவிடப் பயந்ததுபோல அப்படியே நீட்டினாள். கோணல்தான், ஒரு பக்கம் சப்பைதான், ஆனால் வட்டம்.

அந்த வட்டத்துக்குள்ளிருந்து ஊசியை வாங்கி, நாலு விரல் துணியையும் அன்றே தைத்து முடித்தேன்.